விர்ச்சுவல் மெஷின் மக்கர் பண்ணுதா? அறிகுறிய வச்சே ஆளப் பிடிக்கலாம்

ஒரே கம்ப்யூட்டர்ல விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து ஓடணும்னு ஆசைப்பட்டு விர்ச்சுவல்பாக்ஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர (விர்ச்சுவல் மெஷின், சுருக்கமா வி.எம்.) ஓட்டுற சாஃப்ட்வேர், போட்டவங்க எல்லாருமே ஏதோ ஒரு நாள் ஒரு எர்ரர் முன்னாடி முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. நானும் உக்காந்திருக்கேன், பல தடவை. அப்ப நான் செஞ்ச பெரிய தப்பு என்னன்னா எது வந்தாலும் உடனே எல்லாத்தையும் அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி முதல்லேர்ந்து போடுறது. பத்துல ஒன்பது தடவை அது வேஸ்ட், ஏன்னா கோளாறு வேற இடத்துல இருக்கும், புதுசா போட்டாலும் அதே எர்ரர் பல்லைக் காட்டும்.

முதல்ல ஒண்ண மட்டும் மனசுல வச்சுக்கோங்க. ஹோஸ்ட்னா வீட்டுக்காரர், அதாவது உங்க நெஜமான கம்ப்யூட்டர், அதுல ஓடுற ஓஎஸ். கெஸ்ட்னா குடிவந்தவர், வி.எம். உள்ள ஓடுற ஓஎஸ். எந்தக் கோளாறா இருந்தாலும் முதல் கேள்வி இதுதான்: தப்பு வீட்டுக்காரர்கிட்டயா, குடிவந்தவர்கிட்டயா, இல்ல நடுவுல இருக்குற செவுத்துலயா? ஸ்டார்ட் அமுக்கின உடனே எர்ரர் பாக்ஸ் வந்து விண்டோவே நிக்காம போனா பெரும்பாலும் வீட்டுக்காரர் பக்கம். விண்டோ வந்துச்சு ஆனா கருப்புல வெள்ளை எழுத்தா ஏதோ நிக்குதுன்னா நடுவுல, அதாவது வி.எம். செட்டிங்ஸ்ல. டெஸ்க்டாப் வரைக்கும் வந்துட்டு அப்புறம் அது வரலை இது வரலைன்னா பெரும்பாலும் கெஸ்ட் உள்ள. இத மட்டும் பிரிச்சுப் பாத்தாலே பாதி நேரம் மிச்சம்.

இங்க விர்ச்சுவல்பாக்ஸ வச்சுத்தான் சொல்றேன், இதே வேலைய செய்யற விஎம்வேர்ல மெனு பேரு மாறும், காரணங்கள் அநேகமா இதேதான்.

"லிஸ்ட்ல 32-பிட் மட்டும்தான் காட்டுது" / "வி.டி.எக்ஸ் டிஸேபிள்னு சொல்லுது"

இது ரெண்டும் ஒரே வியாதியோட ரெண்டு முகம். 64-பிட் கெஸ்ட் ஓடணும்னா ப்ராசஸரோட உதவி வேணும், இன்டெல்ல அதுக்குப் பேரு வி.டி.எக்ஸ், ஏஎம்டில ஏ.எம்.டி.-வி. 2005, 2006லேயே வந்த சமாச்சாரம், அதனால "என் லேப்டாப் பழசு, அதுல இருக்காது"ங்கறது அநேகமா தப்பு. இருக்கும், ஆனா பயாஸ்ல, அதாவது ஓஎஸ் ஏறறதுக்கு முன்னாடி வர்ற மதர்போர்டு செட்டிங்ஸ்ல, ஆஃப் ஆகி இருக்கும்.

பயாஸுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். விண்டோஸா இருந்தா டாஸ்க் மேனேஜரத் தொறந்து பெர்ஃபார்மன்ஸ் டேப்ல சிபியு பாருங்க, கீழ விர்ச்சுவலைசேஷன்னு ஒரு வரி இருக்கும். டிஸேபிள்டுன்னு இருந்தா பயாஸ் போங்க. எனேபிள்டுன்னு இருந்தும் இந்த எர்ரர் வந்தா பயாஸ்ல ஒண்ணும் இல்ல, அடுத்த அறிகுறிக்குப் போங்க, அங்கதான் திருடன் இருக்கான்.

பயாஸ்ல இன்டெல் மெஷின்னா இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜின்னே பேரு இருக்கும். ஏஎம்டில எஸ்.வி.எம். மோடுன்னு போட்டிருப்பாங்க, விர்ச்சுவலைசேஷன்ங்கற வார்த்தையே இருக்காது, அதனாலதான் நெறைய பேரு மெனு முழுக்கத் தேடிட்டு இல்லைன்னு திரும்பிடுறாங்க. அட்வான்ஸ்டு, சிபியு கான்ஃபிகரேஷன், சில போர்டுல ஓவர்க்ளாக்கிங் மெனுக்குள்ளகூட ஒளிஞ்சிருக்கும். மாத்தி சேவ் பண்ணிட்டு ஒரு தடவை முழுசா பவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. இன்னொண்ணு, ரொம்ப முக்கியம், டிஸ்க்ல பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) ஆன்ல இருந்தா பயாஸ்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ரெக்கவரி கீய வேற எங்கயாவது எழுதி வச்சுக்கோங்க, அடுத்த பூட்ல கேட்டுச்சுன்னா அப்ப தேடிட்டு ஓட முடியாது.

"ஓடுது, ஆனா ஆமை மாதிரி ஓடுது"

இதுதான் இப்ப ரொம்ப அதிகமா வர்ற கேஸ், அதனால கொஞ்சம் நிதானமா பாப்போம். வி.எம். ஓடும்போது விண்டோவோட கீழ வலது ஓரத்துல சின்னச் சின்ன ஐகானா ஒரு வரிசை இருக்கும் பாருங்க, அதுல ஒரு பச்சை ஆமை நிக்குதா? கிண்டலுக்குச் சொல்லல, நெஜமாவே ஆமை படம்தான் வச்சிருக்காங்க. அது வந்துச்சுன்னா அர்த்தம், விண்டோஸோட சொந்த ஹைப்பர்வைசர் (வி.எம்.கள ஓட்டுற அடித்தள சாஃப்ட்வேர்), அதாவது ஹைப்பர்-வி, ஏற்கெனவே ப்ராசஸரப் பிடிச்சு வச்சிருக்கு, விர்ச்சுவல்பாக்ஸ் நேரா வி.டி.எக்ஸத் தொட முடியாம அது வழியா கெஞ்சிக் கேட்டு ஓடிக்கிட்டு இருக்கு. அதான் மவுஸ் நகத்தினாகூட இழுக்குது. சில சமயம் ஓடவே ஓடாம எர்ரர் குடுக்கறதுக்கும் இதேதான் காரணம்.

"நான் ஹைப்பர்-வி போடவே இல்லையே"ன்னு சொல்லுவீங்க. நீங்க போட்டிருக்க மாட்டீங்க, டபிள்யூ.எஸ்.எல். 2 (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டுற வசதி) போட்டிருப்பீங்க, இல்ல டாக்கர் டெஸ்க்டாப் (கன்டெய்னர் ஓட்டுற சாஃப்ட்வேர்), இல்ல விண்டோஸ் 11ல மெமரி இன்டெக்ரிட்டிங்கற பாதுகாப்பு வசதி தானாவே ஆன் ஆகியிருக்கும். இதெல்லாமே அடியில அதே ஹைப்பர்வைசரத்தான் எழுப்பி விடுது.

எடுக்கற வழி: டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்னு தேடித் தொறந்து ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் ப்ளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் ப்ளாட்ஃபார்ம் மூணுலயும் டிக் எடுங்க. விண்டோஸ் செக்யூரிட்டில டிவைஸ் செக்யூரிட்டி, அதுல கோர் ஐசொலேஷன், அங்க மெமரி இன்டெக்ரிட்டிய ஆஃப் பண்ணுங்க. ரீஸ்டார்ட். ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணாதீங்க, ரீஸ்டார்ட்டே குடுங்க, ஏன்னா ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தா ஷட்டவுன்ங்கறது பாதித் தூக்கம்தான். அப்பவும் ஆமை போகலைன்னா அட்மினா கமாண்ட் ப்ராம்ப்ட் தொறந்து பிசிடிஎடிட் கமாண்டுல ஹைப்பர்வைசர் லாஞ்ச் டைப்ப ஆஃப் பண்ணிட்டு மறுபடி ரீஸ்டார்ட்.

ஆனா இதுக்கு ஒரு விலை இருக்கு. இத ஆஃப் பண்ணினா டபிள்யூ.எஸ்.எல். 2 ஓடாது, அத நம்பி இருக்குற டாக்கரும் ஓடாது, மெமரி இன்டெக்ரிட்டி குடுக்கற பாதுகாப்பும் போயிடும். தினமும் டபிள்யூ.எஸ்.எல்.ல வேலை பாக்கறவரு எப்பவாவது ஒரு உபுண்டு டெஸ்க்டாப் வேணும்னா என் கருத்துல விர்ச்சுவல்பாக்ஸ விட்டுட்டு ஹைப்பர்-வியிலேயே அந்த வி.எம்.ம போட்டுக்கறது நல்லது, விண்டோஸ் ப்ரோ இருந்தா அது சும்மாவே கூட வருது. ரெண்டு படகுல கால் வைக்காதீங்க.

ஆமை இல்ல, ஆனாலும் ஸ்லோன்னா ரேமையும் கோரையும் பாருங்க. ஹோஸ்ட்ல 8 ஜிபி தான் இருக்கு, கெஸ்ட்டுக்கு 6 குடுத்துட்டேன்னா வீட்டுக்காரரு திண்ணைலதான் படுக்கணும், ரெண்டு பேருமே டிஸ்க்குல ஸ்வாப் பண்ணி ரெண்டு பேருமே நகர மாட்டாங்க. ஸ்லைடர்ல பச்சை ஏரியாவத் தாண்டாதீங்க. கோரும் அதே மாதிரிதான், இருக்கறதெல்லாத்தையும் தூக்கிக் குடுத்தா வேகம் வரும்னு நெனைக்காதீங்க, பாதிக்கு மேல போக வேண்டாம். அதே சமயம் ஒரே ஒரு கோர் குடுத்துட்டு இன்னைக்கு வர்ற டெஸ்க்டாப் ஓஎஸ் ஏன் திணறுதுன்னும் கேக்காதீங்க.

"நேத்து வரைக்கும் ஓடுச்சு, அப்டேட்டுக்கு அப்புறம் செத்துப்போச்சு" (லினக்ஸ் ஹோஸ்ட்)

கெர்னல் ட்ரைவர் இன்ஸ்டால் ஆகலைன்னு, மைனஸ் 1908ங்கற நம்பரோட ஒரு பாக்ஸ் வந்தா பதறாதீங்க. கெர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, புதுசாச்சு, அதுக்குள்ள ஏறுற விர்ச்சுவல்பாக்ஸோட மாட்யூல் பழைய கெர்னலுக்குக் கட்டினதாவே இருக்கு, அவ்வளவுதான். அந்தக் கெர்னலுக்கான ஹெடர்ஸ் பேக்கேஜப் போட்டுட்டு, எர்ரர் பாக்ஸ்லேயே சொல்லியிருக்கற விபாக்ஸ்கான்ஃபிக் கமாண்ட ரூட்டா ஓட்டுங்க.

ஓட்டினேன், பில்டும் ஆச்சு, ஆனாலும் லோடு ஆகலைன்னா காரணம் செக்யூர் பூட். கையெழுத்து இல்லாத மாட்யூல அது உள்ள விடாது. உபுண்டுல இன்ஸ்டால் பண்ணும்போதே ஒரு பாஸ்வேர்டு கேக்கும், அடுத்த பூட்ல நீலக் கலர்ல ஒரு ஸ்கிரீன் வந்து ஏதாவது கீ அமுக்குன்னு பத்து செகண்ட் எண்ணும். டீ எடுக்கப் போயிட்டு வந்தீங்கன்னா அது அதுபாட்டுக்குத் தாண்டிப் போயிருக்கும், அந்தக் கையெழுத்துக்கான சாவி என்ரோல் ஆகியிருக்காது. மறுபடி கேக்க வச்சு, அந்த ஸ்கிரீன்ல என்ரோல் மாக்னு இருக்கறதத் தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டக் குடுக்கணும். எரிச்சல்ல செக்யூர் பூட்டையே ஆஃப் பண்றவங்களும் உண்டு, வேலை நடக்கும்தான், ஆனா ரெண்டு நிமிஷ வேலைக்காக வாசக்கதவையே கழட்டி வைக்கறது எனக்கு சரியா படல.

இன்னொண்ணு, இது என்னைய ஒரு முழு சாயங்காலம் சுத்த வச்சுது: "வி.டி.எக்ஸ வேற ஹைப்பர்வைசர் பயன்படுத்துது"ன்னு வரும், ஆனா வேற எதுவுமே ஓடாது. லினக்ஸ் கெர்னல் 6.12லேர்ந்து கே.வி.எம். (லினக்ஸோட சொந்த ஹைப்பர்வைசர்) மாட்யூல் லோடு ஆன உடனேயே ப்ராசஸரப் பிடிச்சுக்குது, முன்னாடியெல்லாம் ஒரு வி.எம். ஓட ஆரம்பிச்சாத்தான் பிடிக்கும். கே.வி.எம். மாட்யூல ரெண்டையும், இன்டெல்னா இன்டெல் பேருல இருக்கறத முதல்ல, அப்புறம் வெறும் கே.வி.எம்.ம, ஆர்எம்மாட் கமாண்டால இறக்கிட்டு ஸ்டார்ட் குடுங்க, ஓடிடும். நிரந்தரமா வேணும்னா லோடு ஆகும்போதே பிடிக்காதேன்னு சொல்ற ஆப்ஷன க்ரப்ல (லினக்ஸோட பூட் லோடர்) கெர்னல் பாராமீட்டரா சேக்கலாம்.

"நோ பூட்டபிள் மீடியம்"

குடிவந்தவரு இன்னும் வரவே இல்ல, காலி வீடு. ஐஎஸ்ஓவ, அதாவது ஓஎஸ் இன்ஸ்டால் பண்ற சிடியோட ஃபைல் வடிவத்த, செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ்ல சிடி ட்ரைவ்ல மாட்டினீங்களா, இல்ல மாட்டினதா நெனச்சுக்கிட்டீங்களா, பாருங்க. மாட்டியும் வரலைன்னா டவுன்லோடு பாதில அறுந்த ஐஎஸ்ஓவா இருக்கும், செக்சம் (ஃபைல் முழுசா இருக்கான்னு பாக்கற சரிபார்ப்பு எண்) சரிபாருங்க. மஞ்சளும் வெள்ளையுமா எழுத்து வந்து ஷெல்னு நின்னா வி.எம். செட்டிங்ஸ்ல இஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலா வந்த புது முறை) டிக் ஆன்ல இருக்கு, ஆனா உங்க ஐஎஸ்ஓவோ டிஸ்க்கோ பழைய பயாஸ் முறைல செஞ்சது. அந்த டிக்க எடுத்துட்டுப் பாருங்க. இதே டிக்க, இஎஃப்ஐ-ல இன்ஸ்டால் பண்ணி நல்லா ஓடிக்கிட்டு இருக்குற வி.எம்.ல எடுத்தீங்கன்னா அதுவும் பூட் ஆகாது, அதையும் சொல்லிடுறேன்.

இன்ஸ்டால் முடிச்சு ரீபூட் ஆனா மறுபடி இன்ஸ்டாலரே வருதா? ஐஎஸ்ஓவ கழட்டுங்க.

விண்டோஸ் 11 "இந்த பிசில ஓடாது"ன்னு சொன்னா டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்) வேணும், செக்யூர் பூட் வேணும், 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க். விர்ச்சுவல்பாக்ஸ்ல டிபிஎம் வந்தது 2022ல வந்த 7.0லதான், அதனால 6.1 வச்சுக்கிட்டு ரெஜிஸ்ட்ரிய நோண்டிக்கிட்டு இருக்காம வெர்ஷன ஏத்துங்க.

ஆப்பிளோட எம் சீரீஸ் சிப் இருக்கற மேக்ல வழக்கமான 64-பிட் இன்டெல் ஐஎஸ்ஓவ மாட்டிட்டு பூட் ஆகலைன்னு சொல்றவங்களுக்கு: அது ஆகாது. சிப்போட பாஷையே வேற, ஆர்ம். ஆர்முக்குன்னு செஞ்ச ஐஎஸ்ஓவ எடுங்க. இன்டெல் ஓஎஸ்தான் வேணும்னா யுடிஎம் மாதிரி ஒண்ணுல எமுலேட் பண்ணலாம், ஆனா ஒவ்வொரு வரியா மொழிபெயர்த்து ஓட்டுறது, பொறுமை வேணும்.

"ஸ்கிரீன் தபால்தலை சைஸ்ல இருக்கு, காப்பி பேஸ்ட் ஆகல"

கெஸ்ட் அடிஷன்ஸ், அதாவது கெஸ்ட் உள்ள போட வேண்டிய ட்ரைவர் தொகுப்பு, போடல, இல்லைன்னா சரியா ஏறல. டிவைசஸ் மெனுல இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்னு இருக்கும், அத அமுக்கினா இன்ஸ்டால் ஆயிடும்னு நெனைக்கறாங்க, ஆகாது, அது சிடிய உள்ள போடுது, அவ்வளவுதான், உள்ள போய் நீங்கதான் ஓட்டணும். லினக்ஸ் கெஸ்ட்னா அதுக்கும் முன்னாடி கம்பைலரும் கெர்னல் ஹெடர்ஸும் வேணும், இல்லைன்னா கடைசி வரில பில்டு ஃபெயில்டுன்னு சத்தமில்லாம சொல்லிட்டு முடிச்சுக்கும். முடிஞ்சதும் ரீபூட். அப்பவும் ஸ்கிரீன் பெருசாகலைன்னா டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல கிராஃபிக்ஸ் கன்ட்ரோலரப் பாருங்க, லினக்ஸுக்கு விஎம்எஸ்விஜிஏ, விண்டோஸுக்கு விபாக்ஸ்எஸ்விஜிஏ, வீடியோ மெமரி 128 எம்பி. க்ளிப்போர்டு தனி: டிவைசஸ் மெனுல ஷேர்டு க்ளிப்போர்ட பைடைரெக்ஷனல் ஆக்கணும், ஆரம்பத்துல டிஸேபிள்டாத்தான் இருக்கும்.

ஷேர்டு ஃபோல்டர் தெரியுது, தொறந்தா பர்மிஷன் இல்லைன்னு சொல்லுதுன்னா உங்க யூசர விபாக்ஸ்எஸ்எஃப் க்ரூப்ல சேக்கணும், சேத்துட்டு லாகவுட் பண்ணி லாகின் பண்ணணும். இந்த லாகவுட்ட மறந்துட்டு "சேத்தேனே, வரலையே"ன்னு அரை மணி நேரம் நான் சண்டை போட்டிருக்கேன்.

மவுஸ் உள்ள மாட்டிக்கிட்டு வெளிய வரலைன்னா வலது கன்ட்ரோல் கீ.

"நெட் வரலை"

இங்க மூணு வேற வேற கோளாற ஒரே வாக்கியத்துல சொல்லுவாங்க, பிரிச்சுப் பாக்கணும்.

ஒண்ணு, நெஜமாவே இன்டர்நெட் வரலை. கெஸ்ட்ல ஐபி பாருங்க. நேட் மோடுல (ஹோஸ்டுக்குப் பின்னாடி நின்னு அதோட நெட்ட கெஸ்ட் யூஸ் பண்ற முறை) இருந்தா 10.0.2.15ன்னு வரணும். 169.254ல ஆரம்பிச்சாலோ எதுவுமே இல்லைன்னாலோ நெட்வொர்க் செட்டிங்ஸ்ல கேபிள் கனெக்டட் டிக் இருக்கான்னு பாருங்க. ஐபி இருக்கு, 8.8.8.8க்குப் (கூகுளோட சர்வர்) பிங் போகுது, ஆனா பேரு குடுத்தா போகலைன்னா பேர ஐபியா மாத்துற டிஎன்எஸ்லதான் கோளாறு. ஹோஸ்ட்ல விபிஎன் ஆன் பண்ணும்போதோ வைஃபை மாத்தும்போதோ இது நடக்கும், வி.எம்.ம ஒரு தடவை முழுசா நிறுத்தி ஸ்டார்ட் பண்ணினா பெரும்பாலும் சரியாயிடும்.

ரெண்டு, உள்ளேர்ந்து நெட் போகுது, ஆனா ஹோஸ்ட்லேர்ந்து கெஸ்ட்டுக்கு எஸ்எஸ்ஹெச் (வேற மெஷின்லேர்ந்து லாகின் பண்றது) போகலை. இது கோளாறே இல்ல, நேட்டோட சுபாவம், உள்ளேர்ந்து வெளிய போகலாம், வெளியேர்ந்து உள்ள வர முடியாது. போர்ட் ஃபார்வர்டிங்ல ஹோஸ்ட் போர்ட் 2222, கெஸ்ட் போர்ட் 22ன்னு ஒரு வரி போட்டுட்டு லோக்கல்ஹோஸ்ட்ல 2222க்குப் போங்க.

மூணு, ரெண்டு வி.எம். ஒண்ணையொண்ணு பாக்க மாட்டேங்குது. ரெண்டுலயும் ஐபி பாருங்க, ரெண்டுமே 10.0.2.15! வெறும் நேட்ல ஒவ்வொரு வி.எம்.மும் தனித்தனி அறைல பூட்டின மாதிரி. நேட் நெட்வொர்க்னு தனியா இன்னொரு மோடு இருக்கு, பேரு கிட்டத்தட்ட ஒண்ணுங்கறதால எல்லாரும் குழம்புவாங்க, அத உருவாக்கி ரெண்டையும் அதுல போடுங்க.

பிரிட்ஜ்டு மோடு, அதாவது கெஸ்ட்டும் தனி கம்ப்யூட்டரா நெட்வொர்க்ல நேரா சேர்ற முறை, வீட்டு வைஃபைல ஓடுச்சு, ஆஃபீஸ்ல ஐபியே வரலைன்னா உங்க மேல தப்பில்ல. அந்த நெட்வொர்க் ஒரு லேப்டாப்புக்குப் பின்னாடி இன்னொரு முகம் தெரியறத ஏத்துக்கறதில்ல. நேட்டுக்கு மாறிக்கோங்க.

"டிஸ்க் ஃபுல்"னு சொல்லி வி.எம். பாஸ் ஆயிடுச்சு

யாரோட டிஸ்க் ஃபுல்? தானா பாஸ் ஆகி நின்னா ஹோஸ்டோடது. டைனமிக் டிஸ்க் தேவைக்கு வளரும், ஆனா உள்ள ஃபைல அழிச்சா தானா சுருங்காது, அதுபோக ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் (வி.எம்.மோட அந்த நேரத்து நிலைய சேவ் பண்ணி வைக்கறது) அதுக்கப்புறம் நடக்கற மாற்றத்தையெல்லாம் தனி ஃபைல்ல சேத்துக்கிட்டே போகும். ஹோஸ்ட்ல இடம் பண்ணிட்டு ரெஸ்யூம் குடுங்க, விட்ட இடத்துலேர்ந்து ஓடும்.

இடம் பண்றேன்னு நான் செஞ்ச கூத்தச் சொல்றேன். ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டர்ல வளைவு அடைப்புக்குள்ள எண்ணும் எழுத்துமா நீளப் பேருல பெரிய ஃபைலா கெடந்துச்சு, ஏதோ டெம்ப் ஃபைல்னு நெனச்சு கையாலயே அழிச்சேன். அடுத்த ஸ்டார்ட்ல வி.எம். எழுந்திரிக்கவே இல்ல. மூல டிஸ்க் பத்திரமா இருந்துச்சு, ஆனா கடைசி நாலு மாச வேலை அந்த ஒரு ஃபைல்லதான் இருந்துச்சு. ஸ்னாப்ஷாட்ட அழிக்கணும்னா விர்ச்சுவல்பாக்ஸ் மெனு வழியாத்தான் அழிக்கணும், அது பழசோட சேத்து ஒட்டிக் குடுக்கும், அப்படி ஒட்டறதுக்கே ஹோஸ்ட்ல கொஞ்சம் காலி இடம் வேணும், அதனால சொட்டு இடம் இல்லாத வரைக்கும் காத்திருக்காதீங்க.

கெஸ்ட் உள்ளதான் ஃபுல்னா மீடியா மேனேஜர்ல டிஸ்க் சைஸ ஏத்தலாம், ஆனா அது நிலத்த மட்டும் பெருசாக்கும், வேலி பழைய இடத்துலயேதான் இருக்கும். உள்ள போய் பார்ட்டிஷனையும் நீட்டணும், அப்புறம் ஃபைல் சிஸ்டத்தையும். விண்டோஸ்னா டிஸ்க் மேனேஜ்மென்ட், லினக்ஸ்னா ஜிபார்ட்டெட். ஸ்னாப்ஷாட் இருக்கும்போது சைஸ் மாத்தறது வம்பு, முதல்ல அதுகள மெர்ஜ் பண்ணிடுங்க. உபுண்டு சர்வர்னா ஏத்தறதுக்கு முன்னாடி பாருங்க, அதோட இன்ஸ்டாலர் எல்விஎம் (லினக்ஸ்ல டிஸ்க் இடத்தப் பிரிச்சுக் குடுக்கற முறை) போட்டு டிஸ்க்ல ஒரு பங்க ஒதுக்காமலே விட்டிருக்கும், நீங்க தேடுற இடம் உள்ளயே சும்மா கெடக்கும்.

"யூயூஐடி ஏற்கெனவே இருக்கு"

வி.எம்.மோட டிஸ்க்கான விடிஐ ஃபைல காப்பி பேஸ்ட் பண்ணி ரெண்டாவது வி.எம். செய்யப் பாத்தீங்க, அதானே? ரெண்டுக்கும் ஒரே அடையாள நம்பர். காப்பிய அழிச்சுட்டு க்ளோன் மெனுவ யூஸ் பண்ணுங்க. லிஸ்ட்ல வி.எம். இனாக்சஸிபிள்னு நின்னா அந்த ஃபோல்டர்ல ப்ரீவ்னு முடியற ஒரு ஃபைல் இருக்கும், போன தடவை செட்டிங்ஸோட காப்பி அது. கரண்ட் போயி மெயின் ஃபைல் கெட்டுப்போயிருந்தா விர்ச்சுவல்பாக்ஸ மூடிட்டு கெட்டத வேற பேருல ஒதுக்கிட்டு, இதுல ஒரு காப்பி எடுத்து பழைய பேர வச்சா பல தடவை எழுந்துடும்.

இதுல எதுலயும் அடங்காத கோளாறுன்னா வி.எம். மேல ரைட் க்ளிக் பண்ணி ஷோ லாக் பாருங்க. கடைசி வரிலேர்ந்து படிக்காதீங்க, அது வி.எம். மூடும்போது கொட்டற குப்பை, நூத்துக்கணக்கான வரி இருக்கும். வெர்ர் (VERR)னு ஆரம்பிக்கற வார்த்தைய மேலேர்ந்து தேடுங்க, முதல்ல எது மாட்டுதோ அதுலேர்ந்து ஆரம்பிங்க. யார்கிட்டயாவது உதவி கேக்கறதா இருந்தாலும் ஸ்கிரீன போன்ல படம் பிடிச்சு அனுப்பாம அந்த லாக் ஃபைலயே முழுசா அனுப்புங்க, ஹோஸ்ட் எது கெஸ்ட் எதுன்னு ஒரு வரி சேத்து.